வாசனை வருதா என்று கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா அண்ணியிடமிருந்து போன் வந்தது. அழுகிற குரலாக இல்லை. "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாருப்பா. மிஷினு மட்டும் இன்னும் ஓடிக்கினே கீது. எத அமுக்கினா நிக்கும்னு தெரியல. அவரேதான் போடுவாரு, அவரேதான் நிறுத்துவாரு" என்றார்.

அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின். அருளப்பன் அண்ணன் கடைசி எட்டு மாதமும் அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் இருந்தார். பின்பக்கம் சிவப்பு சுவிட்ச் இருக்கிறது என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் வந்து நிறுத்துகிறேன் அண்ணி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்கம்பக்கத்தார் நிறையப் பேர் வந்திருந்தார்கள், ஆனால் அதைத் தொட எல்லோருக்கும் பயம். குழாய் தலையணைமேல் கிடந்து யாருக்கோ ஊதிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

வருகிற சனிக்கிழமை எங்கள் ஆலைத் தொழிற்சங்கக் கட்டடத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம். அதில் படிப்பதற்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்துப் பலகையில் அறிவிப்பு எழுதுகிறவன் நான் என்பதால் எனக்கு எழுத வரும் என்று அவர்களுக்கு நினைப்பு. அண்ணன் செய்த கேரியரைப் பற்றி நன்றாக எழுது முனிரத்தினம் என்று சங்கத் தலைவர் சொல்லியனுப்பினார். எழுதத்தான் போகிறேன். ஆனால் அவர் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது தண்ணீர் பம்புகளுக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கிற ஆலை. மண் அச்சில் இரும்பை ஊற்றி, ஆறியபின் உடைத்து எடுத்தால், வார்ப்பு முழுக்க மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டி, கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்கிற இடத்துக்கு ஃபெட்லிங் ஷெட் என்று பெயர். கிரைண்டரை வைத்த நிமிடமே எதிரில் நிற்கிற ஆள் மறைந்துபோவான். நான் அந்த ஷெட்டில் கிரைண்டர் பிடிக்கிறவன். அண்ணன் அங்கே வேலை செய்யவில்லை. அவர் மெயின்டனன்ஸ் பிரிவில் ஃபிட்டர். எந்த மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

நான் சேர்ந்த புதிதில் என் கிரைண்டர் கெட்டுப்போய், சரிசெய்ய வந்தார். நான் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தேன். கம்பெனி கொடுக்கிற காகித முகமூடி ஒரு நாள்கூடத் தாங்காது, அதனால் எல்லோருமே துண்டுதான். அவர் வேலையை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இது ஈ வராம இருக்கறதுக்கு கட்டறது நைனா, மண்ணுக்கு இல்ல" என்றார். புதுசாக வந்தவனைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

அவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்திருந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆலைக்கு வருவதற்கு முன் வேறொரு வார்ப்பாலையில் ஏழு வருடம் ஃபெட்லிங் வேலை செய்தவர் அவர். கேன்டீன் மாடிப்படியில் ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் இருக்கிற ஸ்விட்ச் போர்டைப் பரிசோதிப்பவர்போல உற்றுப் பார்ப்பார். நல்லாத்தானே இருக்கிறது, தினமும் என்ன பார்க்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் ஒருநாள் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போனால் மேஜைமேல் மூன்றடுக்கு எவர்சில்வர் சாப்பாட்டு கேரியர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு அடுக்கின் அடியிலும் ஆணியால் சல்லடைபோல ஓட்டை போட்டிருந்தார். கீழடுக்கில் தேங்காய் நார். நடுவில் ஏசி மிஷினில் போடுகிற துணி, நான்காக மடித்தது. மேலடுக்கு முழுக்கத் தேங்காய்ச் சிரட்டைக் கரி. கேரியரின் தலையில் காயலான் கடையில் வாங்கின சின்ன ஊதுவிசிறி, அதிலிருந்து வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய், குழாயின் மறுமுனையில் கண்ணாடி போட்ட பழைய ஹெல்மெட். பேட்டரியோடு சேர்த்து எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிக்கொள்ள பெல்ட் வேறு. கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். ஆபீசுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற ஆள் வழியில் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சோதனையைப் பார்த்தேன். பிலோமினா அண்ணி இரும்புக் கரண்டியில் நெருப்புத் துண்டு போட்டு, அதன்மேல் சாம்பிராணியைத் தூவி, கேரியருக்கு அடியில் கொண்டுவந்து பிடித்தார். அறை முழுக்கப் புகை. அண்ணன் ஹெல்மெட்டுக்கு அருகில் முகத்தை வைத்துக் கேட்டார்:

"வாசனை வருதா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். துளிகூட வரவில்லை. தலையை ஆட்டினேன். அண்ணன் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியாது. அவர் இருமாமல் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மொத்தம் பதினொரு கேரியர் செய்தார். முதல் கேரியர் எனக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பதினொரு பேரும் அவர் வீட்டில் கூடுவோம். நாரைக் கழுவிப் போடுவது, துணியை மாற்றுவது, கரியைப் புதிதாக நிரப்புவது எல்லாம் அங்கேதான். கடைசியில் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு உட்கார, அண்ணி கரண்டியோடு வருவார். வாசனை வருதா, வாசனை வருதா என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போவார். யாராவது வருது என்று கையைக் காட்டினால் உடனே அந்தக் கேரியரைப் பிரித்துவிடுவார். உங்கள் வீட்டில் மாசத்துக்கு இரண்டு தரம் பூசை நடக்கிறதா என்று எதிர்வீட்டுப் பெண்மணி அண்ணியைக் கேட்பாராம். சாமி வராத பூசை என்பாராம் அண்ணி.

ஷெட்டிலும் அந்தக் கேள்வி பரவிவிட்டது. காலையில் வேலை தொடங்கும்போது ஒருவர் ஊதுபத்தி கொளுத்திப் பிடிப்பார், மற்றவர் வாசனை இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போவார். அச்சு மண் இறுகுவதற்குச் சேர்க்கிற ரெசின் கருகுகிற வாடை எங்கள் ஷெட்டின் நிரந்தர வாடை, வீட்டுக்குப் போனாலும் சட்டையில் இருக்கும். கேரியர் கட்டினபின் அந்த வாடையே இல்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இனி நடந்ததைத்தான் கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

கேரியர் வருவதற்கு முன் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாதம் ஃபெட்லிங், ஒரு மாதம் வேறு பிரிவு. பழைய ஆட்கள் சண்டை போட்டு வாங்கின வழக்கம் அது. கேரியர் வந்த நாலாம் மாதம் சூப்பர்வைசர் அதை நிறுத்தினார். கேட்கப் போனோம். "அதான் கேரியர் கட்டிக்கினு ஜம்முனு கீறீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு மாத்தணும்?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே சமயம், முடிந்த வார்ப்புகளை லாரியேற்றி அனுப்புகிற டிஸ்பாட்ச் பிரிவில் எனக்கு நிரந்தரமாக இடம் தருகிறேன் என்றார்கள். நான் போகவில்லை. ஃபெட்லிங்கில் பகல் ஷிப்ட் மட்டும்தான், சாயங்கால வேனில் ஊத்துக்கோட்டை போய்விடலாம். டிஸ்பாட்ச்சில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். மண்தான் உள்ளே போவதில்லையே, எதற்கு வீணாக அலைய வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வருடம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோயிலிலிருந்து திரும்பியதும் அண்ணன் எனக்கு போன் செய்து உடனே வா என்றார். நான் போனபோது வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார். அவர் வீட்டுக் கூரை ஷீட்டில் போல்ட் கழன்ற ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாக வெயில் ஒரே கோடாக மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. கேரியரை ஓடவிட்டு, குழாய் வாயை அந்த வெயில் கோட்டுக்கு நேராக வைத்திருந்தார். ஷெட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்த மண்தூளைக் கேரியரின் அடியில் தட்டினார்.

குழாயிலிருந்து வெளியே வந்த காற்று வெயிலில் மினுமினுத்தது. சன்னமாக, ஓயாமல், புகைபோல வந்துகொண்டே இருந்தது. கையை நீட்டினேன். கையில் எதுவும் ஒட்டவில்லை, எதுவும் தெரியவில்லை. வெயில் கோட்டுக்குள் மட்டும்தான் தெரிந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வாசனைய புடிச்சுகினு மண்ண உட்டுட்டேன் நைனா."

வாசனையைத் தின்றது கரி. பெரிய மண்ணைத்தான் நாரும் துணியும் பிடித்தன. கண்ணுக்குத் தெரியாத மண்தான் நெஞ்சின் அடிவரை போய் உட்காருவது. அது மூன்று அடுக்கையும் தாண்டி, விசிறியில் ஏறி, ஹெல்மெட்டுக்குள் நேராக எங்கள் மூக்குக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. வாசனை இல்லாததால் நாங்களும் மூச்சை நன்றாக ஆழ இழுத்தோம். துண்டு கட்டியிருந்த காலத்திலாவது மூச்சை அடக்கி அடக்கி விடுவோம்.

மறுநாளே அண்ணன் ஷெட்டுக்கு வந்து எல்லோரையும் கூட்டிச் சொன்னார். மெயின்டனன்ஸ் ஆள் தன் வேலையைத் தானே தப்பு என்று சொல்வதை அந்த ஆலையில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கேரியரைக் கழற்றுங்கள், பழையபடி மாற்று வேலை கேளுங்கள் என்றார். ஒருவரும் கழற்றவில்லை. வாசனைதான் வரவில்லையே என்றார்கள். சூப்பர்வைசரிடமும் போனார். அவரோ, உனக்கு உடம்பு சரியில்லை, அதனால் மனசும் சரியில்லை என்று சொல்லி, லீவு எடுத்துக்கொள்ளும்படி அனுப்பிவிட்டார்.

அவர் லீவு எடுத்தார். ஆனால் ஓய்வு எடுக்கவில்லை. வீட்டுக்குள் காற்றைச் சுத்தம் செய்கிற மிஷினில் போடுவார்களே, காகிதத்தை மடிப்பு மடிப்பாக மடித்தது போன்ற ஃபில்டர், அதை வாங்கினார். கேரியர் அடுக்கின் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தில் காற்று புகாமல் கண்ணாடி ஒட்டுகிற பசையைப் பூசினார். நாலு தடவை வெட்டும்போதே கிழிந்தது. ஐந்தாவது சரியாக உட்கார்ந்தது. வெயில் கோட்டில் வைத்து மண்ணைத் தட்டினோம். ஒன்றுமில்லை. வெயில் வெறும் வெயிலாக இருந்தது. அண்ணி அருகில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தப் புதுக் கேரியரை ஷெட்டுக்கு நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு இடைவேளையில் பழக்கப்படி ஒருவர் மாட்டிக்கொண்டார், இன்னொருவர் ஊதுபத்தி பிடித்தார். மாட்டியவர் கையை உயர்த்தினார். வாசனை வருகிறது. இன்னொருவர் மாட்டினார். அவருக்கும் வருகிறது. அவ்வளவுதான், அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அந்த ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. கரி வேண்டும் அதற்கு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார் அண்ணன், விசிறியால் இழுக்க முடியவில்லை. பெரிய விசிறி வைத்தால் பேட்டரி ஒரு மணி நேரம்கூட வரவில்லை.

வாசனை வந்தால் கேரியர் கெட்டுப்போய்விட்டது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூன்று வருடம், கரண்டியும் சாம்பிராணியுமாகச் சொல்லிக்கொடுத்தார். அதை எங்கள் மண்டையிலிருந்து எடுக்க அவரால் முடியவில்லை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது யோக்கியமில்லை. வெயில் கோட்டில் அத்தனையையும் என் கண்ணால் பார்த்தவன் நான். புதுக் கேரியரை ஒரு முழு ஷிப்ட் கட்டிக்கொண்டேன். ரெசின் வாடை முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டே இருந்தது. விஷத்தைக் குடிக்கிற மாதிரி ஒரு பயம். மறுநாள் பழையதை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வாடை நின்றது, மனசும் அடங்கியது. அண்ணன் கேட்டபோது, புதுசைத்தான் கட்டுகிறேன் என்று பொய் சொன்னேன்.

போன வருடம் அவர் படுத்தார். அதே வருடம் எனக்கும் இருமல் தொடங்கி, திருவள்ளூரில் எக்ஸ்ரே எடுத்தேன். முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், பிறகு வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போன மண் வெளியே வராது, இனிமேலாவது மண் பக்கம் போகாதே என்றார். டிஸ்பாட்ச்சில் கேட்டுப் பார்த்தேன். நான் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள்.

எக்ஸ்ரேயை அண்ணனிடம் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் எடுத்துவரச் சொல்லி, மூக்கில் குழாயோடு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எந்த மிஷினைப் பிரித்தாலும் அப்படித்தான் பார்ப்பார்.

"நான் அத செய்யாம இருந்திருந்தா நீ டிஸ்பாட்ச்சுக்கு போயிருப்ப" என்றார்.

அப்படியெல்லாம் இல்லைண்ணா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புதுசைக் கட்டாமல் ஏமாற்றியது நான்தான் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. என் மூச்சுக்காக அத்தனை பாடுபட்ட மனிதர் வேறு யாரும் இல்லை, என் மூச்சு கெட்டதும் அவர் செய்ததால்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எக்ஸ்ரேயை மடங்காமல் உறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கேரியரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ஞாயிறு சாயங்காலமே அடக்கம். பதினொரு பேரில் ஏழு பேர் வந்திருந்தோம். இரண்டு பேர் ஏற்கெனவே இல்லை, இரண்டு பேரால் வர முடியவில்லை. கோயிலில் பெட்டியைச் சுற்றி ஃபாதர் தூபம் காட்டினார். சாம்பிராணிப் புகை எங்கள் பக்கம் வந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். பிறகு ஒருவர் இருமத் தொடங்கினார், அவரைத் தொடர்ந்து இன்னொருவர். ஃபாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ சனிக்கிழமை அந்தக் கரண்டியைப் பிடித்தவர் அவர். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டில் அண்ணனின் படத்தை வைத்து, அதன் முன்னால் ஒரு பழைய கேரியருக்கு மாலை போட்டிருந்தார்கள். எல்லோரும் சட்டையில் கறுப்புத் துணி குத்தி இரண்டு நிமிடம் நின்றார்கள். அப்புறம் அவரவர் கேரியரைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கூட்டத்தில் இதைக் கேட்கிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த மாலையை எடுத்துவிடுங்கள், கேரியரைக் கழற்றுங்கள், மாற்று வேலை கேட்டுச் சண்டை போடுங்கள். அண்ணன் உயிரோடு இருந்து சொன்னபோதே நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியா கேட்கப்போகிறீர்கள்? இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மேஜைக்கு அடியில் புதுக் கேரியர் அப்படியே கிடந்தது. எடுத்துத் துடைத்து, பேட்டரியை மாற்றிக் கட்டிக்கொண்டேன். என் நெஞ்சுக்கு இனி அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கிரைண்டரைப் போட்டேன். எதிரில் நின்ற ஆள் மறைந்தான். ரெசின் கருகுகிற வாடை குழாய் வழியாக முகத்துக்கு நேராக வந்தது. இந்தத் தடவை நான் கழற்றவில்லை.

வருதுண்ணா. வாசனை நல்லா வருது. நீங்க போய்வாங்க.